கரையான் புற்றுக்கு இன்ஜினியர் யார்?

கரையான் புற்றெடுக்க, பாம்பு குடிபுகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். பேச்செல்லாம் பாம்பைப் பற்றித்தான். புற்றை எடுத்த கரையானைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வேலைக்காரக் கரையான்களில் பெரும்பாலானவற்றுக்குப் பார்வை கிடையாது. உடம்போ சில மில்லிமீட்டர். ஆனால் ஆப்பிரிக்காவில் அவை கட்டும் புற்று பல மீட்டர் உயரம் போகிறது. உள்ளே அறைகள், தூண்கள், வளைவுகள், காற்று போய்வரப் பாதைகள். பிளான் போட்டுக் கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்கான பதில் 200 வருடங்களுக்கும் மேலாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1781-ல் ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர், மேற்கு ஆப்பிரிக்காவில் தான் பார்த்த புற்றுகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். ராஜா, ராணி, சிப்பாய், தொழிலாளி என்று ஒரு சாம்ராஜ்யமே அதில் இருந்தது. ராணி என்றால் உத்தரவும் அங்கிருந்துதானே வரவேண்டும்? ஆனால் ராணி தன் அறைக்குள் அடைபட்டு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் ஜீவன். மேலே எந்தத் தூண் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அதற்கு வழியே இல்லை.

அடுத்து, தென்னாப்பிரிக்காவின் யூஜின் மாரே. 1920களில் இவர் புற்று முழுவதையும் ஒரே உயிராகப் பார்த்தார். கரையான்கள் அதன் ரத்த அணுக்கள், ராணி அதன் மூளை. புற்றின் நடுவே இரும்புத் தகட்டை இறக்கிப் பிரித்தபோதும், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கட்டின என்றார். படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் மூளையின் கட்டளை தகட்டைத் தாண்டி எப்படிப் போனது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை.

கேள்வியையே திருப்பிப் போட்டவர் பிரான்சின் பியர்-பால் கிராஸே. கரையான்களையும் மண்ணையும் ஒரு தட்டில் போட்டுவிட்டுப் பொறுமையாகக் கவனித்தார். முதலில் ஒரே குழப்பம். ஆளுக்கொரு பக்கம் மண் உருண்டையை வைக்கின்றன, எடுக்கின்றன. தற்செயலாக ஓரிடத்தில் சில உருண்டைகள் சேர்ந்ததும் ஆட்டம் மாறுகிறது. அந்தக் குவியல் மற்ற கரையான்களை இழுக்க, அது தூணாகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூண்கள் இருந்தால் சாய்ந்து சேர்ந்து வளைவாகின்றன. கட்டளை எங்கிருந்தும் வரவில்லை. முடிந்த வேலையே அடுத்த வேலையைச் சொல்கிறது! 1959-ல் இதற்கு 'ஸ்டிக்மெர்ஜி' என்று பெயர் வைத்தார். தூண்டும் குறி, வேலை என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

இதைக் கணக்காக மாற்றியவர் பெல்ஜியத்தின் ஜான்-லூயி டெனுபோர். 1977-ல் அவர் போட்ட மாடல் எளிமையானது. வைத்த மண்ணிலிருந்து ஒரு வாசனை பரவுகிறது. வாசனை அதிகமுள்ள பக்கம் கரையான் போகிறது, அங்கேயே மண்ணை வைக்கிறது, வாசனை இன்னும் கூடுகிறது. கரையான்கள் குறைவாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஓர் அளவைத் தாண்டினால் இடைவெளி விட்டுத் தூண்கள் முளைக்கின்றன. இரண்டு வருடம் கழித்து, 1979-ல், நெதர்லாந்தின் புருயின்ஸ்மா செய்த சோதனைகளும் வாசனையையே காட்டின. 'சிமெண்ட் ஃபெரமோன்' பாடப்புத்தகங்களில் இடம் பிடித்தது.

சிக்கல் பிறகுதான் வந்தது. அந்த வாசனைப் பொருளை யாராலும் பிரித்தெடுத்துக் காட்ட முடியவில்லை. 2017-ல் நமீபியக் கரையான்களை வைத்து நடந்த ஆய்வில், தோண்டும் இடத்தில் கூட்டம் சேர்வதே கட்டுமானத்தை ஒழுங்குபடுத்துவதாகத் தெரிந்தது. 2024-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மனிதர்கள் செய்து வைத்த களிமண் தூண்களின் நுனியிலேயே கரையான்கள் மண்ணை வைத்தன. ஈரம் வேகமாக ஆவியாகும் இடம் அது. மண்ணின் வளைவும் ஈரமுமே வழிகாட்டப் போதும் என்றால், வாசனைக்கு அங்கே வேலை குறைவு.

அப்படியானால் 1977 மாடல் தப்பா? அதன் கணக்கு சரி. அந்த விதிகளிலிருந்து தூண்கள் வரத்தான் செய்யும். ஆனால் ஈரத்தை வைத்துப் போட்ட விதிகளிலிருந்தும் தூண் வருகிறது. கம்ப்யூட்டரில் வந்த படம் புற்றைப் போலவே இருக்கிறது என்பதால், கரையானும் அதே விதிப்படிதான் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதைக் கண்டுகொள்ள ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது.

கிராஸேயின் அடிப்படை எண்ணம் மட்டும் அசையவில்லை. 2014-ல் ஹார்வர்டில் மூன்று சின்ன ரோபோக்கள், தலைவனும் இல்லாமல், தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலும், எதிரே இருக்கும் கட்டைகளை மட்டும் பார்த்துப் படிக்கட்டு போலக் கட்டி முடித்தன. என்ன கட்ட வேண்டும் என்பதை மட்டும் மனிதர்கள் முன்பே விதிகளாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கரையானுக்கு அப்படிக் கொடுத்தவர் யாரும் இல்லை. புற்றுக்கு இன்ஜினியர் யார் என்று கேட்டால், இப்போதைக்குப் பதில்: பாதி கட்டிய புற்றுதான்.