பொன்னுக்கு வீங்கியும் ஜான் பர்லியின் கட்டியும்

கழுத்தில் கட்டோடு இருக்கும் என் படத்தைப் பார்த்துப் பலர் விசாரித்தீர்கள். நலமாக இருக்கிறேன். இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி, வலியே இல்லை. "பொன்னுக்கு வீங்கி சார், தங்கச் சங்கிலி போடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அது எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. ஆனாலும் மூன்று வருடம் மப்ளரால் மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில் ஜான் பர்லியைப் பற்றிப் படித்தேன். பாய்மரக் கப்பலில் கயிறு கட்டும் தொழிலாளி. விழுந்து இடது கன்னத்தில் அடிபட்ட பிறகு தொடங்கிய வீக்கம் பதினாறு வருடம் வளர்ந்தது. 1785 அக்டோபர் 24 அன்று, 37 வயதில், லண்டனில் ஜான் ஹன்டரின் கத்திக்கு உட்பட்டார். (அம்மை குத்திய ஜென்னரின் ஆசிரியர் இந்த ஹன்டர்தான். வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா?) மயக்க மருந்து கிடையாது. 25 நிமிடம். அந்த மனிதர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்கிறது குறிப்பு. கட்டியின் எடை 144 அவுன்ஸ், நாலு கிலோவுக்குச் சற்று மேலே! லண்டனில் ஹன்டரின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

61 வருடம் கழித்து, 1846 அக்டோபர் 16-இல் பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டியதும் ஒரு கழுத்துக் கட்டிக்காரருக்குத்தான்.

வலி தீர்ந்தது, நரம்புச் சிக்கல் தீரவில்லை. முகத்தை அசைக்கும் நரம்பு காதடி உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடாகவே கிளை பிரிந்து போகிறது. அறுபட்டால் வாய் கோணும், கண் மூடாது. அதற்குப் பயந்து கட்டியை மட்டும் தோண்டி எடுத்தார்கள். மிச்சம் ஒட்டியிருந்து வருடங்கள் கழித்து மறுபடி முளைத்தது. முதலில் நரம்பைத் தேடிப் பிடித்து, பிறகு சுற்றியுள்ள சுரப்பியோடு கட்டியை எடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

எனக்கு ஸ்கேன், பிறகு மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பரிசோதனை. புற்றுநோய் இல்லை. "இதுவும் பல வருடம் விட்டால் சிலருக்குப் புற்றாக மாறும் சார்" என்று டாக்டர் கடிந்துகொண்டார். கண் விழித்ததும், "சிரிங்க, கண்ணை இறுக்கி மூடுங்க" என்றார். வாயின் இடது ஓரம் கொஞ்சம் சோம்பல், காபி வழிகிறது. சில மாதத்தில் சரியாகுமாம்.

நம் உறவில் ஒருவர் தாடைக்குக் கீழே கட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு இருக்கிறார். அந்தச் சுரப்பியில் வருபவற்றில் புற்று இன்னும் அதிகம். தம்பி, பெயர் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை வீட்டுக்கு வருகிறேன், கிளம்பி இரு.