துண்டாடப்பட்ட தோட்டங்களும் மாதம் பத்து வெள்ளியும்



தோட்டத்தில் வேலை போனால் கூலி மட்டுமா போகும்? லயத்து வீடும் கூடவே போகும். நம் பெற்றோர் காலத்தில் வேலையும் கூரையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. ரப்பர் விலையோ லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவாயிற்று.

1929ல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் மறு ஆண்டே நம் பிரட்டுக் களத்துக்கு வந்து சேர்ந்தது. கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். செலவை இந்தியர் குடியேற்ற நிதி ஏற்றது. ஆள் வேண்டியபோது வரவழைத்த அதே நிதிதான் வேண்டாதபோது திருப்பி அனுப்பியது! வசதியான ஏற்பாடுதான், யாருக்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

1950ஆம் ஆண்டுகளில் வந்த ஆபத்து வேறு வகையானது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி, லாபம் வைத்துப் பலருக்கு விற்றார்கள். இதைத்தான் துண்டாடல் என்கிறோம். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்குப் பழைய ஆட்கள் தேவையில்லை. குத்தகைக்கு ஆள் வைத்துப் பால் வெட்டினால் போதும். மரம் நின்றது, பால் வடிந்தது. ஆனால் தலைமுறையாக வெட்டியவனுக்கு அங்கே இடமில்லை. லயமும், மருந்தகமும், தமிழ்ப்பள்ளியும் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதற்கு மாற்றாக 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போக அதை எடுத்து வைத்த தாய்மார்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. 1961ல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே முதல் தோட்டம். பிறகு பல தோட்டங்கள் சேர்ந்தன.

ஆனால் சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை. மற்ற இடங்களில் நமக்கிருந்த ஒரே பிடி, 1951ல் வந்த ஊழியர் சேமநிதி. ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பணம் கைக்கு வரும். பல தோட்டங்களில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அதே வயதில்தான்.