பரணில் கிடந்த மட்டைகள்

எங்கள் வயது ஆசிரியர்களுக்கு ஸ்டென்சில் என்றால் ரோனியோதான் ஞாபகம். தவணைப் பரீட்சைத் தாள் அடித்து, கையெல்லாம் மையானது இன்னும் மறக்கவில்லை. அதே வேலையைத்தான் வீட்டுச் சுவரிலும் செய்தார்கள்: வெட்டிய இடத்தால் நிறம் போகும், வெட்டாத இடம் மறைக்கும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், 1800களின் முற்பகுதியில், சுவருக்கு ஒட்டும் அலங்காரத் தாள் விலை கூடிய பொருள். சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ஊர் ஊராகச் சென்ற சுவர் ஓவியர்கள். மோசஸ் ஈட்டனும் (1753–1833) அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் (1796–1886) அவர்களில் இருவர். தடித்த தாளில் பூ, இலை, அன்னாசி என்று வெட்டுவார்கள். ஈரத்தில் ஊறாதிருக்க எண்ணெய் பூசுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு மட்டை. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இன்னொன்று. அன்னாசி விருந்தோம்பலின் அடையாளம்.

வெட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. வட்டத்துக்குள் வட்டம் வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க இடையிடையே மெல்லிய பாலங்கள் விடவேண்டும். ஸ்டென்சில் பூக்களின் இதழ்கள் பிரிந்து பிரிந்து தெரிவது அதனால்தான்.

இந்த ஓவியர்களில் அநேகர் சுவரில் பெயர் எழுதவில்லை. பிறகு வந்தவர்கள் அதன்மேல் வெள்ளையடித்தார்கள், தாள் ஒட்டினார்கள். ஆனால் மகன் ஈட்டனின் பெட்டி ஒரு வீட்டுப் பரணில் பத்திரமாகக் கிடந்தது. உள்ளே 78 மட்டைகள், சேர்த்தால் 40 கோலங்கள். ஜெனட் வாரிங் என்ற பெண்மணி இவ்வகைச் சுவர்களைத் தேடி ஆராய்ந்து 1937இல் நூலாக்கினார். எந்தச் சுவர் யாருடைய கைவேலை என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த மட்டைகள் உதவின.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். பழைய வீடுகளின் விறாந்தைச் சுவரில் ஓடிய பூவரிசையைச் சிறுவயதில் நாங்களும் பார்த்திருக்கிறோம். எந்த பெயின்ட் பாஸ் அடித்தார் என்று கேட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் புதுப் பூச்சு பூசி நாங்களே அதை மறைத்துவிட்டோம்.

இந்த முறை பூசுமுன் ஒரு படம் எடுத்துவையுங்கள். பிள்ளைகளோடு இருந்து, பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு நட்சத்திரமோ கொடியோ நீங்களே வரைந்து வெட்டுங்கள். வேலை முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள். ஓரத்தில் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் பழைய மட்டை ஏதும் இருந்தால் எங்களுக்கும் காட்டுங்கள்.