நினைவின் மதகு



தமிழில் 'நினைவு' என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. பழைய நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்த்தலும் நினைவுதான். மயங்கி விழுந்தவன் கண் விழித்தால், 'நினைவு வந்துவிட்டது' என்று சொல்கிறோமே, அந்த விழிப்பும் நினைவுதான். உலகிலுள்ள உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துரைத்த தொல்காப்பியர், ஆறாவது அறிவுக்கு மனத்தைக் காரணமாக்கினார். அந்த மனம் உடம்பில் எங்கே குடியிருக்கிறது, அதை விழிக்கச் செய்வதும் உறங்கச் செய்வதும் எது என்ற வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று காணப் புகுகிறோம்.

வரலாற்றுக்குள் நுழையுமுன் மூங்கில்துறைப்பட்டு வரை ஒருமுறை போய் வருவோம். மேற்கே கல்வராயன் மலை நிற்க, தென்பெண்ணைக் கரையில் அமைந்த ஊர் அது. பெயரிலேயே மூங்கிலும் துறையும் உண்டு. இன்று கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கரும்புத் தோட்டமும் அதன் அடையாளம். ஆற்றின் மேற்பகுதியில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இருக்கிறது. அணையின் மதகு திறந்தால் வாய்க்காலில் நீர் வரும்; வயல் விளையும். மதகு தண்ணீரைப் படைப்பதில்லை, பயிரையும் படைப்பதில்லை. ஆயினும் மதகு அடைபட்டால் எந்த வயலிலும் பயிர் இல்லை. இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டால், மூளையறிஞர்கள் நூறாண்டு உழைத்துக் கண்ட உண்மை எளிதில் விளங்கும்.

முதலில் அவர்கள் கண்டது வயல்களை. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப் பாதைக்குப் பாறை பிளந்துகொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் தலையை ஓர் இரும்புக் கம்பி ஊடுருவிச் சென்றது. நெற்றிப்புறத்து மூளை சிதைந்தும் அவர் பேசினார், நடந்தார், பன்னிரண்டாண்டுக்குச் சற்றுக் குறைய உயிரோடிருந்தார். ஆனால் அவரை அறிந்தவர்கள், பழைய கேஜ் இவர் அல்லர் என்றனர், குணம் மாறிப்போயிற்று. 1861-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா, ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப்புற நெற்றிப் பகுதியில் சிதைவு கண்டார். ஒரு வயல் அழிந்தால் அந்த வயலின் பயிர் மட்டும் அழிகிறது. பேச்சுக்கு ஓரிடம், பார்வைக்கு ஓரிடம், கையசைவுக்கு ஓரிடம் என்று பெருமூளைப் புறணியின் படம் மெல்ல மெல்ல வரையப்பட்டது.

அப்படியாயின் நினைவின் மதகு எங்கே? இதற்கு வழிகாட்டியது மின்சாரம். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், தலைமேல் தகடு பதித்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். விழித்திருப்பவனுடைய அலைகள் சிறியனவாய், விரைந்தனவாய் உள்ளன. ஆழ்ந்து உறங்குபவனுடைய அலைகள் பெரியனவாய், மெதுவானவையாய் எழுகின்றன. 1949-இல் இத்தாலியரான மொருட்சியும் அமெரிக்கரான மகூனும் மயக்க மருந்து பெற்ற பூனையின் மூளைத்தண்டில் மென்மையான மின்தூண்டல் கொடுத்தனர். உடனே உறக்க அலைகள் மறைந்து விழிப்பலைகள் தோன்றின. மூளைத்தண்டின் நடுவே வலைபோல் பின்னிக் கிடக்கும் நரம்பணுக் கூட்டமே புறணி முழுவதையும் விழிக்கச் செய்கிறது என்பது அன்று வெளிப்பட்டது. அதுவே மதகு. விடியற்காலை ஆலைச் சங்கு ஊதும்போது, செவி ஒலியை ஏற்பதோடு இந்த வலையும் தூண்டப்படுகிறது. உறங்கும் தொழிலாளி எழுந்து உட்காருகிறார்.

அதே 1949-இல் நம் நாட்டில் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. கனடாவின் மான்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1950 அக்டோபர் 24-ஆம் நாள், சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று திரும்பிய டாக்டர் பா. இராமமூர்த்தி, சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். 1951-இல் இவ்விருவரும் டாக்டர் எஸ். டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். அதுவரை தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்குப் பெரும்பாலும் விதியே மருந்தாக இருந்தது. அதன்பின் தமிழகத்தில் அறுவைக் கத்தியும் துணை நின்றது.

பென்ஃபீல்டு செய்த பணியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூளையைத் தொட்டால் வலிப்பதில்லை. அதில் வலியுணரும் நரம்பு இல்லை. ஆகவே வலிப்பு நோயாளிகளுக்குத் தலைத்தோல் மட்டும் மரத்துப்போகச் செய்து, அவர்கள் விழித்துப் பேசிக்கொண்டிருக்கையிலேயே அறுவை செய்தார். புறணியில் ஓரிடத்தை மின்முனையால் தொட்டால் நோயாளியின் கை உயர்ந்தது. மற்றோரிடத்தைத் தொட்டால், என்றோ கேட்ட இசை காதில் ஒலிப்பதாகச் சிலர் கூறினர். ஆனால் கை உயர்ந்ததைப் பற்றிக் கேட்டபோது நோயாளிகள், அதைச் செய்தது தாம் அல்லர், மருத்துவரே என்று விடையிறுத்தனர். கை அசைந்தது, அசைத்தவன் 'நான்' என்னும் உணர்வு மட்டும் எழவில்லை! வாழ்நாள் முழுதும் மூளையில் மனத்தைத் தேடிய அம்மேதை, 1975-இல் எழுதிய நூலில், மூளையின் இயக்கத்தைக் கொண்டே மனத்தை முழுதும் விளக்கிவிட முடியுமா என்று ஐயுற்றார். நம் இராமமூர்த்தியும் பிற்காலத்தில் நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்றுக்கும் அப்பாற்பட்ட துரிய நிலையைப் பற்றி நரம்பியல் நோக்கில் எழுதினார்.

தொடக்கத்தில் கூறிய சொல்லின் இரட்டைப் பொருளையும் அறிவியல் பிரித்துக் காட்டிற்று. 1953-இல் வலிப்பு நீங்குவதற்காக ஹென்ரி மோலைசன் என்னும் அமெரிக்க இளைஞரின் மூளையில், இரு பொட்டுப் பகுதிகளின் உட்புறத்தை மருத்துவர்கள் அகற்றினர். வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைக்கும் ஆற்றல் போயிற்று. சற்று முன் சந்தித்தவரை மீண்டும் புதியவராகவே வரவேற்றார். எனினும் அவர் விழிப்போடிருந்தார், சிரித்தார், உரையாடினார். ஞாபகமாகிய நினைவு போயிற்று. விழிப்பாகிய நினைவு நின்றது.

அணுக்களின் எண்ணிக்கைதான் உணர்வைத் தருகிறதோ என்று கேட்கலாம். அதுவும் இல்லை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு பின்தலையிலுள்ள சிறுமூளையில் இருக்கின்றன. அச்சிறுமூளை பழுதுற்றால் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், ஆனால் தன்னுணர்வு அழிவதில்லை. ஆகவே எத்தனை அணுக்கள் என்பதைவிட, அவை ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதே முதன்மையானது என்று அறிஞர் கருதுகின்றனர். அந்தப் பேச்சு எப்படி 'நான் உணர்கிறேன்' என்னும் அனுபவமாகிறது என்பதற்கு இன்றும் ஒருமித்த விடை இல்லை.

இவையெல்லாம் அறிஞர்களுக்கு உரியவை, நமக்கென்ன என்று எண்ணற்க. கரும்பு ஏற்றிய வண்டியிலிருந்து ஒருவர் தவறி விழுந்து நினைவிழந்தார் என்று கொள்வோம். சூழ்ந்து நிற்போர் வாயில் தண்ணீர் ஊற்றுவர். அது தவறு. மதகு அடைபட்டவருக்கு விழுங்கும் ஆற்றல் இல்லை. நீர் மூச்சுக்குழலில் இறங்கும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் பயனற்றது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சுக்கு வழிவிடுதலே உதவி. விழுந்து அடிபட்டவருக்கோ தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூளைக்குக் குருதி நின்றால் சுமார் பத்து நொடியில் நினைவு போகும். சில நிமிடங்களில் அணுக்கள் மடியத் தொடங்கும். காலந்தாழ்த்தலே பெரும்பகை.

மருத்துவமனை சேர்ந்தபின் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, 'நினைவு வருமா?' என்பது. 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இருவர், கண் திறத்தல், பேசுதல், உடலசைவு என்னும் மூன்றைக் கொண்டு 3 முதல் 15 வரை எண்ணிட்டு நினைவின் ஆழத்தை அளக்க வழி செய்தனர். ஆனால் வெளியே அசைவில்லாதவர் உள்ளேயும் இல்லாதவர் என்று முடிவு கட்டலாகாது. 2006-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள், உணர்வற்றவராகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணிடம் பந்தாடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அவருடைய மூளைப்படத்தில் நலமுள்ளவருக்குத் தோன்றும் அதே பகுதி ஒளிர்ந்தது. நினைவிழந்தவர் அருகில் நாம் பேசும் சொல்லுக்கு எத்துணைப் பொறுப்பு வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மற்றொரு நிலையும் உண்டு. இதை மயக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளைத்தண்டே முற்றிலும் மடிந்துவிட்டால், பொறியின் துணையால் நெஞ்சு துடித்தாலும் மீட்சி இல்லை. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் இதையும் மரணமென ஏற்றது. மருத்துவர் நால்வர், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. 2008 முதல் தமிழகத்தில் உறுப்புக் கொடை ஓர் இயக்கமாக வளர்ந்தது. 2023-இல், உறுப்புக் கொடையளித்தோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறும் என்று தமிழக அரசு அறிவித்தது. மகனின் கை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அவன் இல்லை என்பதை ஏற்று, அவன் கண்ணையும் இதயத்தையும் பிறர்க்கு ஈயச் சம்மதிக்கும் தாயின் மனவலிமையை எந்த அளவுகோல் அளக்கும்?

மதகு எங்கே என்று கண்டோம்; வயல்கள் எவை என்று கண்டோம். நீர் எங்கிருந்து ஊறுகிறது என்பதைக் காண இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். அதுவரை, நினைவிழந்து கிடக்கும் எவரையும் மனிதரென்றே மதித்து, காலத்தில் காத்து, கனிவோடு பேசுவதே ஆறறிவு பெற்ற நமக்கு அழகாகும்.