பிரான்சுவாஸ் ஆர்டி

பிரான்சுவாஸ் ஆர்டி (17 ஜனவரி 1944 – 11 ஜூன் 2024) பிரெஞ்சு பாப் பாடகி, பாடலாசிரியர், இசையமைப்பாளர். 1960களில் பிரான்சில் எழுந்த ‘யே-யே’ என்னும் இளைஞர் இசை அலையோடு சேர்த்தே இவர் பேசப்படுகிறார். அந்த அலையில் வந்தவர்களில் பலர் அமெரிக்க, பிரிட்டிஷ் பாடல்களைப் பிரெஞ்சாக்கிப் பாடிக்கொண்டிருந்தனர். ஆர்டியோ தொடக்கம் முதலே தம் பாடல்களில் பெரும்பாலானவற்றைத் தாமே எழுதி மெட்டமைத்தார்.

இளமை

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த பாரிஸ் நகரின் ஒன்பதாம் வட்டாரத்தில் பிறந்தார். தாய் மதலேன் ஆர்டி வேலைக்குப் போய் இரு மகள்களையும் தனியே வளர்த்தார். தந்தைக்கு வேறு குடும்பம் இருந்தது; எப்போதாவது வந்துபோவார். கன்னியர் நடத்திய பள்ளியில் படித்த ஆர்டிக்கு வெளியுலகம் ரேடியோ லக்சம்பர்க் வழியாகவே வந்தது. பதினாறு வயதில் பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டபோது, சிறு டிரான்சிஸ்டர் வானொலியா, கிதாரா என்று தயங்கி, முடிவில் கிதாரைக் கேட்டு வாங்கினார். மூன்று கார்டுகள் கைக்கு வந்ததுமே சொந்தமாக மெட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார்.

முதல் புகழ்: 1961–1963

வோக் இசைத்தட்டு நிறுவனத்தின் நட்சத்திரப் பாடகர் ஜானி ஆலிடே 1961இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவருக்கு இணையான ஒரு பெண் குரலை வோக் தேடிக்கொண்டிருந்த வேளையில், 1961 நவம்பர் 14 அன்று ஆர்டி அந்நிறுவனத்தோடு ஒப்பந்தமானார். பாடகி மிரேய் நடத்திய ‘சிறிய கலைக்கூடம்’ என்ற பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தார்.

1962இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் நான்கு பாடல்கள். நிறுவனம் முன்னிறுத்தியது ‘ஓ ஓ ஷெரி’ என்ற அமெரிக்கத் தழுவலை. மக்களைப் பிடித்துக்கொண்டதோ ஆர்டியே எழுதிய ‘தூ லே கார்சோன் ஏ லே ஃபீய்’. ஊரில் உள்ள இளையோரெல்லாம் ஜோடியாகத் திரிய, தனியே நடந்துபோகும் ஒரு பெண்ணின் பாட்டு அது. இசையமைப்பில் ரோஜே சாமின் பெயரும் உடன் இருக்கிறது. 1962 அக்டோபர் 28 அன்று, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது குறித்த பொது வாக்கெடுப்பின் முடிவுகளுக்காக நாடே தொலைக்காட்சியின் முன் காத்திருந்தது. அன்று பிரான்சில் இருந்தது ஒரே அலைவரிசை. முடிவுகளுக்கு நடுவே ஓர் இடைவேளையில் ஆர்டி இப்பாடலைப் பாடினார். அதன் பிறகு இசைத்தட்டு விற்ற வேகத்தைப் பற்றி ஒத்த கருத்து இல்லை: அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம் என்பார் உண்டு, மொத்தம் இருபது லட்சத்தைத் தாண்டியது என்பாரும் உண்டு.

அதே ஆண்டு வந்த முதல் தொகுப்பின் 12 பாடல்களில் பத்து இவர் எழுதியவை. பதிவின் தரம் மட்டும் இவருக்கு உவக்கவில்லை. வாத்தியக்காரர்கள் சரியில்லை என்று பின்னாளிலும் குறைபட்டுக்கொண்டார். 1963இல் லண்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் மொனாக்கோவின் சார்பில் ‘லாமூர் சான் வா’ என்ற தம் பாடலைப் பாடி ஐந்தாம் இடம் பெற்றார். பிரான்சின் சார்பில் பாடிய அலேன் பாரியேரும் அதே இடத்தையே பகிர்ந்துகொண்டார்.

லண்டன் பதிவுகளும் புகைப்படங்களும்: 1964–1968

1964 முதல் ஆர்டியின் பாடல்கள் லண்டனில் சார்லஸ் பிளாக்வெல்லின் இசைக்கோப்பில் பதிவாயின. பின்னாளில் லெட் செப்பலின் குழுவில் புகழ்பெற்ற ஜிம்மி பேஜ் சில பதிவுகளில் கிதார் வாசித்ததாகக் கூறப்படுகிறது; எந்தெந்தப் பாடல்களில் என்பதில் பட்டியல்கள் மாறுபடுகின்றன. ‘மோனாமி லா ரோஸ்’ (1964) இக்காலத்தின் பெயர்பெற்ற பாடல்; இதை எழுதியவர் ஆர்டி அல்லர், சேசில் கோலியே. ‘ஆல் ஓவர் தி வேர்ல்டு’ என்ற ஆங்கில வடிவம் 1965இல் பிரிட்டனின் முதல் இருபது பாடல்களுக்குள் வந்தது.

‘சலூ லே கொப்பேன்’ இதழின் புகைப்படக்காரர் ழான்-மாரி பெரியே எடுத்த படங்களால் ஆர்டியின் முகம் பாடல்களைவிட வேகமாகப் பரவியது. கூர்ரேஜும் பாக்கோ ரபானும் வடிவமைத்த உடைகளை அணிந்தார். ரபானின் உலோகத் தகட்டு உடை இன்றும் நினைவுகூரப்படுகிறது. கோதாரின் ‘மஸ்குலேன் ஃபெமினேன்’, ஃபிராங்கன்ஹைமரின் ‘கிராண்ட் பிரி’ (இரண்டும் 1966) உள்ளிட்ட படங்களில் தலைகாட்டினார்.

பாப் டிலன் 1964இல் தம் இசைத்தட்டு ஒன்றின் உறையில் அச்சிட்ட கவிதையில் ஆர்டியின் பெயரைச் சேர்த்தார். அதுவரை இருவரும் சந்தித்ததில்லை. 1966 மே 24, டிலனின் 25ஆம் பிறந்தநாளன்று, பாரிசின் ஒலிம்பியா அரங்கில் கச்சேரி நடந்தது. இடைவேளையில் ஆர்டியைப் பார்க்க வேண்டும் என்று டிலன் கேட்டதாகவும், பிறகு ஓட்டல் அறையில் இன்னும் வெளிவராத இரு பாடல்களை அவருக்குப் போட்டுக்காட்டியதாகவும் ஆர்டி கூறியிருக்கிறார்.

1968இல் செர்ஜ் கேன்ஸ்பூர் எழுதிய ‘கொமோந் த டீர் அதியோ’ வந்தது. அமெரிக்க மெட்டு ஒன்றுக்கு, ‘எக்ஸ்’ என்ற ஒலியில் அடிகளை முறித்து இயைபு கட்டிய குறும்பான பாட்டு இது. மேடையச்சம் தீராத ஆர்டி அதே ஆண்டு நேரடிக் கச்சேரிகளைக் கைவிட்டார்.

பிற்காலம்

1971இல் பிரேசில் நாட்டுக் கிதார் கலைஞர் தூக்காவுடன் உருவாக்கிய ‘லா கெஸ்தியோன்’ சரியாக விற்கவில்லை. கிதாரும் தந்தி வாத்தியங்களும் தணிந்தே ஒலிக்க, குரல் காதருகே பேசுவதுபோல் அமைந்த இத்தொகுப்பையே இவரது சிறந்த படைப்பாக இன்று பலர் கருதுகின்றனர். 1973இல் மிஷேல் பெர்ஜேயுடன் இணைந்த ‘மெஸாஜ் பெர்சொனெல்’ மீண்டும் வெற்றி தந்தது. அதே ஆண்டு, பாடகர் ஜாக் தூத்ரோனுக்கும் இவருக்கும் மகன் தொமா பிறந்தார்; இருவரும் 1981இல் மணந்துகொண்டனர். சோதிடத்தில் தீவிர ஈடுபாடு கொண்டு வானொலி நிகழ்ச்சிகள் நடத்தினார், நூல்களும் எழுதினார். 1988இல் ‘தெக்கலாஜ்’ தொகுப்பைத் தம் கடைசிப் படைப்பு என்று அறிவித்தார்; 1996இல் ‘ல தாஞ்ஜே’யுடன் திரும்பி வந்தார்.

2004இல் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2008இல் தன்வரலாறு வெளிவந்தது. 2018இல் வந்த ‘பெர்சொன் தோத்ர்’ கடைசித் தொகுப்பு. சிகிச்சைகளால் பாட இயலாமற்போனதை 2021இல் தெரிவித்தார். கருணைக்கொலையைச் சட்டபூர்வமாக்கக் கோரினார். பாரிசில் தம் 80ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

1995இல் பிளர் இசைக்குழு இவருடன் ஒரு பாடலைப் பதிவுசெய்தது. வெஸ் ஆண்டர்சனின் ‘மூன்ரைஸ் கிங்டம்’ (2012) படத்தில் ‘ல தாம் த லாமூர்’ இடம்பெற்றது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2023இல் வெளியிட்ட சிறந்த 200 பாடகர்கள் பட்டியலில் இவருக்கு 162ஆம் இடம். ஆர்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உலோக உடையிலிருந்தே தொடங்குகின்றனர். பிரெஞ்சு அகாதெமியோ 2006இல் தன் பெரும் பதக்கத்தை அவருடைய பாடல்களுக்காக வழங்கியது.