காதர்பேட்டையும் குடிபெயர்ந்த குடும்பமும்

திருப்பூர் இரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடப்பார்க்குக் காதர்பேட்டை எதிர்ப்படும். ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகளும், சிறு பழுதுபற்றி விலக்கப்பட்டனவும், உள்நாட்டு வியாபாரத்துக்கென்றே தைக்கப்பட்டனவும் ஆண்டுக் குவிந்து கிடக்கும். கொங்குநாட்டினின்றும் தென்பாண்டி வறண்ட சீமையினின்றும் பிழைப்பு நாடி வந்த நம்மவர் குடும்பங்கள் பல, முதன்முதற் கண்ட நகரத்தெரு இதுவே. ஆதலின் இத்தெருவினின்றே தொடங்குகின்றாம்.

நொய்யற்கரை ஊராகிய திருப்பூர் பருத்தி வாணிகத்தால் வளர்ந்து 1917 ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. கதர் இயக்கம் ஓங்கிய நாட்களில் அதற்கு ஒரு தலையிடமாகவும் விளங்கிற்று. 1932 ஜனவரியில் தேசக்கொடி ஏந்திச் சென்று தடியடிபட்டு உயிர்நீத்த குமரனைத் திருப்பூர்க் குமரன் என்கின்றோம். அவர் பிறந்ததோ சென்னிமலையில், நெசவுக் குடும்பத்தில். அவரும் பிழைப்புக்காக இவ்வூர் புகுந்தவரே. வந்தேறிகளால் ஊர் கெட்டது என்று கூட்டங்களிற் பேசும் அன்பர்கள் இதனைச் சற்று நினைவிற் கொள்வாராக.

பனியன் பின்னுந்தொழிலை 1925 ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் இவ்வூரில் தொடங்கினார். அறுபது எழுபதுகளில், கிணறு வற்றிய தோட்டத்தை விட்டுவந்த வேளாண் குடும்பத்துப் பிள்ளைகள் கூலிக்கு நுழைந்து, தொழில் கற்று, கூட்டுச் சேர்ந்து, தாமே முதலாளிகளாயினர். இவ்வரலாற்றை ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004 இல் ஆங்கிலத்தில் நூலாக்கியுள்ளார். தம் ஏற்றத்துக்குக் காரணம் யாதென வினவியபோதெல்லாம் 'உழைப்பு' என்றே அம்முதலாளிகள் விடையிறுத்தனர் என்பது அவர் கண்ட செய்தி. உழைப்பு மெய்யே, எனினும் உறவும், ஊர்ப்பழக்கமும், நம்பிக் கடன் கொடுப்பாரும் உடன் இருந்தனர். அவை வாய்க்காதவர் உழைத்தும் கூலிக்காரராகவே நின்றனர். 1984 இல் பஞ்சப்படி வேண்டித் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் இவ்வூரிலேதான்.

1978 இல் வெரோனா என்னும் இத்தாலிய வியாபாரி வெள்ளைப் பனியன் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதி வழி திறந்தது. 1985 இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, பின்னர் ஆயிரங்கோடிக் கணக்கில் ஏறிற்று. ஊரும் 2008 இல் மாநகராட்சி, 2009 இல் மாவட்டத் தலைநகர் ஆயிற்று.

நிற்க. குடும்பத்தின் கதைக்கு வருவாம்.

ஊரில் திண்ணையும் முற்றமும் கண்டவர்கள் இங்கே லைன் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக ஒடுங்கினர். ஒரு வளவுக்குள் பல கதவுகள். குழாயும் கழிப்பிடமும் பொது. உப்புத் தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு எனக் குடங்களைப் பிரித்து வைக்கும் பழக்கத்தைப் பெண்டிர் முதல் வாரத்திலேயே கற்றனர். நல்ல தண்ணீர் வரும் நாளை ஒட்டியே விருந்துக்கு நாள் குறித்த வீடுகளும் உண்டு. சாயநீரால் நொய்யல் பட்ட பாடு யாவரும் அறிந்ததே; 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, வேலை இழந்து ஊர் திரும்பியவருள் நம்மவரும் இருந்தனர்.

ஞாயிறு பார்த்தும் மழை பார்த்தும் வேலை செய்தவர்க்கு இங்கே சிப்டுக் கணக்கு. எட்டு மணி நேரம் ஒரு சிப்டு. இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை சிப்டு. சனிக்கிழமை கூலி, ஞாயிறு கடைத்தெரு. மாமியாரிடம் கைநீட்டிக் காசு வாங்கிய மருமகள், கைமடி வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை தன் கூலியைத் தானே எண்ணி வாங்கினாள். இம்மாறுதலை நம் பெரியோர் சிலர் வெறுத்தனர். யாம் வெறுக்கவில்லை. வீட்டு வாடகை தவறாமற் சென்றது அக்கூலியால் அன்றோ?

எமக்கு நெஞ்சு பதைப்பது வேறொன்றால். ஆசிரியத் தொழிலில் யாம் கண்டது இது: ஊர்ப்பள்ளியில் எட்டாம் வகுப்பை விட்டு வந்த பிள்ளை, 'அடுத்த ஆனியிற் சேர்த்துக்கொள்வோம்' என்று வீட்டிலிருந்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, பின்பு தாயோடு கம்பெனி வாசல் வரை சென்று, ஒருநாள் உள்ளே சென்றுவிடும். பெற்றோர் கொடியவர் அல்லர். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வராததும், பள்ளி எங்குள்ளது என்று சொல்வார் இல்லாததுமே பெரும்பாலும் தடை. எம் வகுப்பிற் சேர வேண்டிய ஒரு பெண் இங்ஙனம் இரண்டாண்டு பிந்தினாள். அவள் தந்தையோ எம் பள்ளிக்கு இரு தெரு தள்ளியே குடியிருந்தார். அதனை அறியாதிருந்தமைக்கு யாமும் நாணுகின்றாம்.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கை மறுத்தலாகாது. இதனைக் காதர்பேட்டைக் கடைகளில் வேலை செய்வோர் பலர் அறியார். சங்கக் கிளைக் காரியதரிசிகள், குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் அன்றே பிள்ளையின் பெயரும் வகுப்பும் குறித்துத் திருப்பூர்க் கிளைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார்களாயின், மூட்டை அவிழுமுன் பள்ளியிற் சேர்த்துவிடலாம். எம் பள்ளியிற் சேர்க்கும் பணியை யாம் ஏற்றுக்கொள்கின்றாம். மற்றைப் பள்ளிகளுக்கு ஆள் வேண்டும்.