மாலத்தீவா, லட்சத்தீவா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நீலக் கடல், வெள்ளை மணல்னு ஒரு ரீல் வந்தாலே போதும், கமென்ட்டில் சண்டை ஆரம்பிச்சிடும். 'மாலத்தீவு எதுக்கு, நம்ம லட்சத்தீவு இருக்கே' என்று ஒரு கோஷ்டி. 'அங்கே ரூம் கிடைக்குமா முதல்ல?' என்று எதிர்க்கோஷ்டி. நீங்க எந்தப் பக்கம்?

சண்டை எங்கே ஆரம்பிச்சது?

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவில் எடுத்த படங்களை வெளியிட்டார். அதைக் கிண்டலடித்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் பதிவு போட, அந்நாட்டு அரசு அவர்களை சஸ்பெண்ட் செய்தது. இந்தியாவில் 'பாய்காட்' டிரெண்ட் ஆனது.

விளைவு? 2023-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாலத்தீவு போனார்கள். நாமதான் நம்பர் ஒன். 2024-ல் அது சுமார் 1.3 லட்சமாகச் சரிந்தது. ஆனால் மாலத்தீவு காலியாகிவிடவில்லை. சீனர்கள் முதலிடத்துக்கு வர, மொத்தப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள்.

பக்கத்து வீடுதான், ஆனா...

லட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காயிலிருந்து மாலத்தீவின் வடகோடி சுமார் 130 கி.மீ.தான். மினிக்காய் மக்கள் பேசும் மஹல், மாலத்தீவின் திவேஹி மொழியின் வட்டார வழக்கு. கடலும் பவளமும்கூட ஒரே மாதிரிதான்.

வித்தியாசம் அளவில் இருக்கு. மாலத்தீவில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள். 1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட்டைத் திறந்து, 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்று வளர்ந்த நாடு அது. லட்சத்தீவில் 36 தீவுகள்; மொத்தப் பரப்பே 32 சதுர கி.மீ. மக்கள் வசிப்பது 10 தீவுகளில். 2011 கணக்குப்படி சுமார் 64 ஆயிரம் பேர்.

போறது எப்படி?

மாலத்தீவு: இந்தியர்களுக்கு இலவச விசா, அங்கே இறங்கியதும் கிடைக்கும். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'ஐமுகா' ஆன்லைன் படிவத்தை நிரப்பணும்.

லட்சத்தீவு: நம்ம நாடுதான், ஆனாலும் நுழைவு அனுமதி கட்டாயம். விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும். ஓடுதளம் குட்டை என்பதால் சின்ன விமானங்கள்தான். கொச்சியிலிருந்து கப்பலில் போனால், தீவைப் பொறுத்து 14 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், பிளானில் சேர்க்காதீங்க.

பட்ஜெட்டும் பழக்கமும்

மாலத்தீவுன்னாலே லட்சக்கணக்கில் செலவு என்பது பாதி உண்மைதான். 2009-க்குப் பிறகு மக்கள் வசிக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் வந்துவிட்டது. மாஃபுஷி மாதிரி தீவுகளில் தங்கினால் ரிசார்ட்டைவிட ரொம்பக் குறைச்சல். ஆனால் அங்கே மது கிடையாது, பிகினிக்குத் தனி பீச். லட்சத்தீவிலும் மதுவிலக்கு உண்டு. பங்காரம் தீவு மட்டும் விதிவிலக்கு.

ரெண்டுக்கும் ஒரே ஆபத்து

பவளத் தீவில் ஆறு கிடையாது. மணலுக்கு அடியில் மெல்லிய படலமா தேங்கி நிற்கும் மழைநீர்தான் கிணற்றுத் தண்ணீர். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். அதனால்தான் சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2005-ல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்தது. தினமும் 1 லட்சம் லிட்டர், முதலில் உள்ளூர் மக்களுக்காக.

அடுத்தது பவளம். 2024 கோடையில் கடல் சூடேறி, லட்சத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அலையைத் தடுக்கும் சுவரே அந்தப் பவளத் திட்டுதான். அது போனால் பீச் மட்டுமல்ல, ஊரே போய்விடும். மாலத்தீவுக்கும் இதே கதைதான். 'மாலத்தீவு கூட்டத்தை அப்படியே லட்சத்தீவுக்குத் திருப்புவோம்' என்பது கேட்க நல்லா இருக்கும். அந்த 32 சதுர கி.மீ. தாங்குமா?

சரி, எதுக்குப் போகலாம்?

லீவு கம்மி, பிளான் திடீர்னு போட்டது, ஹனிமூன் என்றால் மாலத்தீவு. அனுமதிக்கும் கப்பலுக்கும் பொறுமை இருக்கு, கூட்டம் வேண்டாம் என்றால் லட்சத்தீவு. எங்கே போனாலும் பவளத்தின் மேல் நிற்காதீங்க, துண்டைக்கூட பையில் போடாதீங்க, பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாங்க, ஷவரைச் சீக்கிரம் மூடுங்க. நீங்க ஊருக்குத் திரும்பிவிடுவீங்க. அந்தத் தண்ணியை நம்பித்தான் அங்கே இருக்கிறவங்க வாழணும்.